இருட்டுக்கும் எழுத்து உண்டு: மோர்ஸ் குறியை எழுதவும் வாசிக்கவும் ஒரு வழிகாட்டி

கரண்ட் போன ஓர் இரவு, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் உள்ள அக்கா வீட்டு மேல்மாடியிலிருந்து மருமகள் ரோச் அடித்து எனக்கு ஒரு சொல் அனுப்பினாள். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் இடையே ஒரு தென்னை மட்டும்தான் மறைப்பு. நான் படலையடியில் நின்று ஒளியைப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். வந்தது இது: அ ஓ ஆ. ஒன்றும் விளங்கவில்லை. திரும்ப அனுப்பு என்று நானும் ரோச் அடித்தேன். திரும்பவும் அ ஓ ஆ. கரண்ட் வந்ததும் ஓடி வந்தாள். "மாமா, 'அம்மா' என்றுதானே அனுப்பினேன். ஏன் விளங்கவில்லை?"

அவள் ஒரு புள்ளியைக்கூடத் தவறாக அடிக்கவில்லை. நாங்கள் வைத்திருந்த அட்டவணையில் 'ம்' என்றால் இரண்டு நீண்ட ஒளி. 'அம்மா'வில் அது இரண்டு முறை வருகிறது. முதல் 'ம்' முடிந்ததும் சற்று நேரம் இருட்டாக விட்டு, அதற்குப் பிறகு அடுத்த 'ம்'மைத் தொடங்க வேண்டும். அவள் அவசரப்பட்டாள். இரண்டும் இரண்டும் ஒட்டி நான்கு நீண்ட ஒளியாகிவிட்டன. நான்கு நீண்ட ஒளி என்றால் எங்கள் அட்டவணையில் 'ஓ'. ஒளி சரியாக இருந்தது, இருட்டுத்தான் பிசகியது.

எழுத்துகளைக் குறுகிய குறியாலும் (புள்ளி) நீண்ட குறியாலும் (கோடு) சொல்லும் முறைதான் மோர்ஸ். அதைப் பழக வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த இருட்டைத்தான். புள்ளியும் கோடும் அரைவாசி, அவற்றுக்கு நடுவே உள்ள மௌனம் மற்ற அரைவாசி. அட்டவணையை ஒரு கிழமையில் மனப்பாடம் செய்துவிட்டு, அடுத்த மாதமே கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் கோளாறு விட்ட இடம் இதுதான்.

மாத்திரைக் கணக்கு

மோர்ஸின் நேரக் கணக்கை விளக்க ஆங்கிலப் புத்தகங்கள் 'அலகு' என்று ஒன்றைச் சொல்லித் தொடங்கும். நமக்கு அது தேவையில்லை. மாத்திரை என்றால் பள்ளியில் இலக்கணம் படித்த எவருக்கும் தெரியும்: இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடுத்தால் மூன்று. மோர்ஸில் புள்ளி ஒரு மாத்திரை, கோடு மூன்று மாத்திரை. அதாவது புள்ளி குறில், கோடு உயிரளபெடை. இடையில் நெடில் கிடையாது. புதியவர்கள் பலர் கோட்டை இரண்டு மாத்திரையில் முடித்துவிடுவார்கள். அப்படி அனுப்பினால் கேட்பவருக்கு அது புள்ளியா கோடா என்று மயக்கம் வரும்.

இனி மௌனத்தின் அளவு. ஓர் எழுத்துக்குள்ளே ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் நடுவே ஒரு மாத்திரை. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே மூன்று. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஏழு. ஒன்று, மூன்று, ஏழு என்ற மூன்று எண்களையும் அட்டவணைக்கு முன்பே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

'அம்மா'வை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எங்கள் அட்டவணைப்படி அது இப்படி எழுதப்படும்:

•–   ––   ––   •––

ஒளி மட்டும் 23 மாத்திரை. எழுத்துகளுக்கு உள்ளே உள்ள இருட்டு 5 மாத்திரை. எழுத்துகளுக்கு நடுவே மூன்று இடைவெளி, ஒவ்வொன்றும் மூன்றாக 9 மாத்திரை. ஆக 37 மாத்திரையில் 14 இருட்டு. ரோச்சில் ஒரு மாத்திரையை அரைச் செக்கனாக வைத்தால், 'அம்மா' என்று சொல்லப் பதினெட்டரைச் செக்கன் எடுக்கும். அந்தப் பொறுமை முதல் நாள் யாருக்கும் வருவதில்லை. மருமகளுக்கும் வரவில்லை.

வாயால் படியுங்கள்

எங்கள் பக்கத்தில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் முதல் நாளே மத்தளத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பதில்லை. வடமோடியானாலும் தென்மோடியானாலும் தாளக்கட்டை வாயால் சொல்லவைப்பார். வாய் சொல்லச் சொல்லக் கால் தானாக அதைப் பிடித்துக்கொள்ளும். மோர்ஸையும் அப்படியே பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புள்ளிக்கு 'தி' என்று சொல்லுங்கள். கோட்டுக்கு 'தாஅ' என்று மூன்று மாத்திரைக்கு நீட்டிச் சொல்லுங்கள். ஒரு புள்ளியும் ஒரு கோடும் என்றால் 'திதாஅ'. ஒரு கோடும் ஒரு புள்ளியும் என்றால் 'தாஅதி'. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். தாளில் ஒன்றைப் போலவே இருக்கும் இரண்டும் காதுக்கு வெவ்வேறு ஆட்களாகத் தெரியும். தாளில் பார்த்துப் படித்தவர், ஒலியைக் கேட்டதும் அதை மனத்தில் புள்ளி கோடாக மாற்றி, அந்தப் படத்தை அட்டவணையில் தேடி, அதன் பிறகே எழுத்தைக் கண்டுபிடிப்பார். அதற்குள் அடுத்த இரண்டு எழுத்துகள் போய்விடும். வாயால் படித்தவருக்கு நடுவே அந்தப் படம் இல்லை. 'தாஅதிதாஅ' என்று கேட்டதும் கை எழுதிவிடும்.

இன்னொன்று. மெதுவாகப் பழகுகிறேன் என்று புள்ளியையும் கோட்டையும் இழுக்காதீர்கள். எழுத்தை அதற்குரிய வேகத்தில் சொல்லிவிட்டு, எழுத்துகளுக்கு நடுவே உள்ள மௌனத்தை மட்டும் நீட்டுங்கள். இதை ஃபார்ன்ஸ்வொர்த் முறை என்பார்கள். நிமிடத்துக்கு 15 சொல் என்ற வேகத்தில் ஒரு புள்ளி 80 மில்லிசெக்கன். எழுத்தை அந்த வேகத்திலேயே கேட்டுப் பழகினால், பிறகு வேகம் கூடும்போது எழுத்தின் முகம் மாறாது. மௌனம் மட்டும் சுருங்கும். இந்த 'நிமிடத்துக்கு இத்தனை சொல்' என்ற கணக்குக்கு அளவுகோலாக 'பாரிஸ்' என்ற ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். கடைசி ஏழு மாத்திரை மௌனத்தோடு அது சரியாக 50 மாத்திரை வரும்.

ஆங்கில அட்டவணை

உலகம் முழுவதும் வழங்குவது சர்வதேச மோர்ஸ். சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு முதல் தந்திச் செய்தியை அனுப்பியது 1844 மே 24. அன்றைய குறிகள் இன்றைய குறிகள் அல்ல. 1848இல் ஜெர்மனியில் கெர்க்கே என்பவர் அவற்றைத் திருத்தி எளிமையாக்கினார். அந்தத் திருத்தத்தின் வழியில் வந்ததே 1865இல் சர்வதேச அளவில் ஏற்கப்பட்டது. இலங்கையில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக்கம்பி 1858இலேயே வந்துவிட்டது.

எழுத்துகளை அகர வரிசையில் படிக்க வேண்டாம். குறிகளின் எண்ணிக்கைப்படி படியுங்கள். கீழே ஆங்கில எழுத்துகளின் பெயரைத் தமிழில் தருகிறேன். நம் நாட்டு வழக்கப்படி 'ரி' என்றால் தொலைக்காட்சியை 'ரிவி' என்கிறோமே, அந்த ரி. 'டி' என்றால் டொக்டரின் முதலெழுத்து. 'பி' இரண்டு உண்டு என்பதால் ஒன்றைப் பஸ் பி என்றும் மற்றதைப் பேப்பர் பி என்றும் சொல்கிறேன்.

ஒரு குறி: ஈ •   ரி –

இரண்டு குறி: ஐ ••   ஏ •–   என் –•   எம் ––

மூன்று குறி: எஸ் •••   யூ ••–   ஆர் •–•   டபிள்யூ •––   டி –••   கே –•–   ஜி ––•   ஓ –––

நான்கு குறி: எச் ••••   வி •••–   எஃப் ••–•   எல் •–••   பேப்பர் பி •––•   ஜே •–––   பஸ் பி –•••   எக்ஸ் –••–   சி –•–•   வை –•––   இசட் ––••   கியூ ––•–

ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'ஈ'க்கும் 'ரி'க்கும் மிகச் சிறிய குறிகள். அரிதாக வரும் கியூவுக்கும் ஜேக்கும் நீண்டவை. சிக்கனம் கருதிச் செய்தது இது.

இலக்கங்கள் எல்லாவற்றுக்கும் ஐந்து குறி. 1 என்றால் ஒரு புள்ளி, மிச்சம் நான்கு கோடு. 2 என்றால் இரண்டு புள்ளி, மூன்று கோடு. இப்படியே 5க்கு ஐந்து புள்ளி. 6இலிருந்து திரும்பும்: ஒரு கோடு, நான்கு புள்ளி. 9க்கு நான்கு கோடு, ஒரு புள்ளி. 0 ஐந்து கோடு. பொலிஸின் அவசர இலக்கம் 119ஐ எழுதினால் •––––   •––––   ––––• என்று வரும்.

நிறுத்தக்குறிகளில் முற்றுப்புள்ளி •–•–•–, காற்புள்ளி ––••––, கேள்விக்குறி ••––••. இவை மூன்றும் தொடக்கத்துக்குப் போதும்.

எழுதியதை மோர்ஸாக மாற்றுதல்

தாளில் செய்வதானால் சிக்கல் இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் குறியை எழுதி, நடுவே இடம் விட்டு, சொல் முடிந்ததும் ஒரு சாய்கோடு போடுங்கள். கைப்பேசியில் தட்டும்போதுதான் கவனம் வேண்டும். பல விசைப்பலகைகள் மூன்று புள்ளியைத் தொடர்ந்து தட்டினால் அவற்றை ஒரே எழுத்தாகச் சேர்த்துவிடும். பார்வைக்கு மூன்று புள்ளிதான், கணினிக்கு அது ஒற்றைக் குறி. இரண்டு சிறுகோட்டைத் தட்டினால் அவற்றை ஒரு நீண்ட கோடாக்கிவிடும். அந்த வரியைப் பிரதியெடுத்து ஏதாவது மாற்றியில் ஒட்டினால் 'எஸ்' இருந்த இடமும் 'எம்' இருந்த இடமும் வெறுமையாகவோ தவறாகவோ வரும். எனவே முதலில் விசைப்பலகை அமைப்பில் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள்.

சொற்களுக்கு நடுவே நான்கைந்து இடைவெளி விடுவதும் பயன் தராது. செய்தி போகிற வழியில் அவை ஒன்றாகச் சுருங்கிவிடக்கூடும். எழுத்துக்கு எழுத்து ஓர் இடைவெளி, சொல்லுக்குச் சொல் சாய்கோடு என்பதே பாதுகாப்பான வழக்கம்.

இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் ஆங்கிலத்தை இட்டால் உடனே மோர்ஸ் வரும், ஒலியாகவும் கேட்கலாம். நீங்கள் எழுதியது சரியா என்று பார்க்க அவை நல்லவை. ஆனால் முதலில் நீங்கள் கையால் எழுதிவிட்டு, பிறகு அதோடு ஒப்பிடுங்கள். ஆண்ட்ராய்டில் உள்ள ஜிபோர்ட் விசைப்பலகையில் 2018 முதல் மோர்ஸ் தட்டும் வசதி உண்டு. இரண்டு பெரிய பொத்தான்கள், ஒன்று புள்ளி, ஒன்று கோடு. கை கால்களை நினைத்தபடி அசைக்க முடியாதவர்கள் எழுதுவதற்காக அது வந்தது. பெருமூளை வாதத்தோடு பிறந்து, மோர்ஸ் வழியே பேசிவரும் டானியா ஃபின்லேசன் என்ற அமெரிக்கப் பெண்மணி அதை உருவாக்குவதில் கூகுளுடன் சேர்ந்து வேலை செய்தார். தந்தி மறைந்த பிறகும் இந்தக் குறி ஒருவருடைய குரலாக இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

தமிழுக்கு முப்பது

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன்.

தமிழை மோர்ஸில் அனுப்ப நினைப்பவர் முதலில் செய்வது, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது. அது வேலை செய்யும், ஆனால் உடனே முட்டும். எம், ஏ, என், ஏ, எம் என்று ஐந்து எழுத்து வந்தால் அது மனமா, மணமா, மானமா? ஆங்கில எழுத்தில் பெரியது சிறியது என்ற வேறுபாட்டை வைத்துச் சிலர் இதைச் சமாளிப்பார்கள். மோர்ஸில் பெரிய எழுத்து சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. நெடிலுக்கு உயிரை இரட்டித்து எழுதலாம் என்று உடன்பட்டால் மானம் பிரிந்துவிடும். மனமும் மணமும் ஒட்டியே கிடக்கும்.

ஒரு நாள் கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குறியால் இரண்டு எழுத்து அமையும். இரண்டு குறியால் நான்கு. மூன்றால் எட்டு. நான்கால் பதினாறு. கூட்டினால் முப்பது. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு போதும் என்பதால் நான்கு காலியாகக் கிடக்கின்றன. நம்முடைய முதலெழுத்து எத்தனை? உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. முப்பது! ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. 247 எழுத்தை எப்படி அனுப்புவது என்று மலைத்திருந்தவனுக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை.

உயிர்மெய்யைப் பிரித்து அனுப்பினால் முப்பதே போதும். கீழே உள்ளது எங்கள் வீட்டு உடன்பாடு, நான் அமைத்தது. ஆங்கில ஒலியோடு பொருந்துகிற பதினேழு எழுத்துகளுக்குச் சர்வதேசக் குறியையே வைத்தேன். மற்றப் பதின்மூன்றையும் மிச்சமிருந்த இடங்களில் அமர்த்தினேன். உங்கள் வீட்டில் வேறு விதமாக மாற்றிக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் ஒரே தாளை வைத்திருந்தால் சரி.

ஒரு குறி: எ •   த் –

இரண்டு குறி: இ ••   அ •–   ந் –•   ம் ––

மூன்று குறி: ச் •••   உ ••–   ர் •–•   ஆ •––   ட் –••   க் –•–   ன் ––•   ஒ –––

நான்கு குறி: ஈ ••••   வ் •••–   ஏ ••–•   ஊ ••––   ல் •–••   ஐ •–•–   ப் •––•   ஔ •–––   ள் –•••   ற் –••–   ஞ் –•–•   ய் –•––   ழ் ––••   ங் ––•–   ண் –––•   ஓ ––––

இதைப் படிக்கும்போது சில சொந்தங்களைக் கவனியுங்கள். அ •– என்பதன் வாலில் ஒரு கோட்டை நீட்டினால் ஆ •––. உ ••– என்பதை நீட்டினால் ஊ ••––. ஒ ––– என்பதை நீட்டினால் ஓ ––––. இ •• இரட்டித்தால் ஈ ••••. நகர வரிசையோ படிக்கட்டு: ந் –•, ன் ––•, ண் –––•. மனமும் மணமும் இனி ஒரே ஒரு கோட்டால் பிரியும்:

––   •–   ––•   •–   ––

––   •–   –––•   •–   ––

ஆய்தம் இந்த முப்பதில் இல்லை. அது தேவைப்படும்போது ••–•• என்று வைத்துக்கொள்கிறோம். ஜ, ஸ, ஷ, ஹ போன்றவற்றை ஒலிக்கு அருகில் உள்ள தமிழ் எழுத்தால் அனுப்புகிறோம். பஸ் 'பச்' ஆகிவிடும், ஆனால் யாருக்கும் விளங்காமல் போனதில்லை.

பிரிக்கும்போது கை தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'கொ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. கண் முதலில் கொம்பைப் பார்க்கும், கை உயிரை முதலில் அனுப்பிவிடும். எழுத்தின் வடிவத்தைப் பாராமல் வாயில் வருகிற ஒழுங்கைப் பின்பற்றுங்கள்: முதலில் க், பிறகு ஒ. 'தோணி' என்றால் த், ஓ, ண், இ:

–   ––––   –––•   ••

அகரத்தையும் விட்டுவிடக் கூடாது. 'க' என்பது க் + அ. அகரம் அனுப்பாவிட்டால் அது புள்ளி வைத்த க்தான். மட்டக்களப்பு என்று எழுதிப் பாருங்கள். ம் அ ட் ட் அ க் க் அ ள் அ ப் ப் உ, மொத்தம் பதின்மூன்று:

––   •–   –••   –••   •–   –•–   –•–   •–   –•••   •–   •––•   •––•   ••–

ஓர் எச்சரிக்கை. ஆங்கில எழுத்தின் பெயர்களான ஏ, ஈ, ஐ, ஓ ஆகியவையும் தமிழ் ஏ, ஈ, ஐ, ஓ ஆகியவையும் ஒன்றல்ல. இரண்டு அட்டவணைகளையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். நான் ஆங்கிலத்தை நீல மையிலும் தமிழைக் கறுப்பு மையிலும் எழுதி வேறு வேறு சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

மோர்ஸைத் திருப்பி எழுத்தாக்குதல்

தாளில் உள்ள மோர்ஸை வாசிப்பது சுலபம், அட்டவணை கையில் இருந்தால் போதும். ஒலியையோ ஒளியையோ வாசிப்பதுதான் பழக வேண்டிய வித்தை.

பழைய கல்லடிப் பாலத்தடியில் முழுநிலவு இரவில் மீன் பாடுவதைக் கேட்கத் தோணியில் போனவர்களுக்குத் தெரியும். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் கேட்காது. கேட்க வேண்டும் என்று முட்டி மோதினாலும் கேட்காது. காது தானாக அமைந்த பிறகே அந்த ஓசை மற்ற ஓசைகளிலிருந்து பிரிந்து வரும். மோர்ஸ் வாங்கும்போதும் நான் அப்படித்தான் உட்காருவேன்.

இரண்டே எழுத்தோடு தொடங்குங்கள். ஜெர்மானிய உளவியலாளர் கோச் 1930களில் வகுத்த முறை இது. ஆங்கிலத்தில் வழக்கமாகக் கே, எம் என்ற இரண்டை எடுப்பார்கள். தமிழ் அட்டவணையிலும் க், ம் அதே குறிகள்தான், ஆகவே அங்கும் இதையே எடுக்கலாம். ஒருவர் இரண்டையும் கலந்து ஐந்து நிமிடம் அடிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் மூன்றாவது எழுத்தைச் சேருங்கள். வராவிட்டால் நாளையும் அதே இரண்டு. நாளுக்கு ஒரு மணி நேரம் இருந்து களைப்பதை விட, காலையில் பத்து நிமிடமும் மாலையில் பத்து நிமிடமும் நல்லது.

எழுதும்போது புள்ளி கோட்டை எழுதாதீர்கள். எழுத்தையே எழுதுங்கள். ஓர் எழுத்து தவறிவிட்டால் அந்த இடத்தில் ஒரு கீழ்க்கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தவறியதை யோசித்துக்கொண்டு நின்றால் அடுத்த நான்கும் தவறும். எங்கள் ஒழுங்கையில் முன்பு தபால் கந்தோரில் தந்தி வாங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் எழுதுகிற எழுத்து எப்போதும் காதில் கேட்பதற்கு ஓர் எழுத்துப் பின்னால் இருக்குமாம். "முன்னால் போன எழுத்தை விரட்டக்கூடாது தம்பி, வருகிறதை விட்டுவிடவும் கூடாது" என்பார். தவறிய இடத்தை நிரப்ப முழுச் சொல்லும் வந்த பிறகு நேரம் இருக்கிறது. 'தோ_ி' என்று நின்றால் கடற்கரையில் வளர்ந்த யாருக்கும் நடுவே என்ன என்று தெரியும்.

இடைவெளி பிசகிய செய்தி வந்தால் ஒட்டிப் பாருங்கள், வெட்டிப் பாருங்கள். நான்கு கோட்டை ம் ம் என்று வெட்டியிருந்தால் அன்று இரவே 'அம்மா' எனக்குக் கிடைத்திருப்பாள். –• என்று வந்தது ந் ஆக இருக்கலாம், அல்லது த் எ என்று இரண்டாகவும் இருக்கலாம். எது சொல்லாகிறதோ அதுவே சரி.

பழகிப் பார்க்க ஒரு வரி:

––   •–   ––••   •–•–   /   •••–   •–   •–•   ••–   ––

இதைத் தமிழ் அட்டவணைப்படி வாசித்தால் 'மழை வரும்' என்று வர வேண்டும்.

ரோச், கரண்டி, விசில்

ரோச்சைப் பொத்தானால் அணைத்து ஏற்றினால் கை சோர்ந்துவிடும், பொத்தானும் சீக்கிரம் பழுதாகும். எரியவிட்டு, முன்னால் உள்ளங்கையையோ தடித்த மட்டையையோ வைத்து மறைத்துத் திறவுங்கள். கைப்பேசியின் வெளிச்சத்துக்கும் இதுவே நல்லது. மனத்தில் 'ஒன்று' என்று எண்ணினால் புள்ளி, 'ஒன்று இரண்டு மூன்று' என்றால் கோடு. மறைத்திருக்கும் நேரத்தையும் அதே எண்ணிக்கையில் எண்ணுங்கள். பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது. கடலில் போகிறவர்கள் ஒரு வெளிச்சவீட்டை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவதும் ஒளி வருகிற ஒழுங்கையும் நடுவே உள்ள இருட்டையும் வைத்துத்தான்.

விசிலும் பொருந்தும். நீட்டி ஊதலாம், சுருக்கி ஊதலாம். ஆனால் சுவரில் தட்டுவதும் கரண்டியால் தட்டில் தட்டுவதும் வேறு சங்கதி. தட்டின் ஓசை நீளாது. புள்ளிக்கு ஒரு தட்டு, கோட்டுக்கு இரண்டு விரைவான தட்டு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால் எதுவும் விளங்காது.

பிழையாக அனுப்பிவிட்டால் எட்டுப் புள்ளி தொடர்ந்து அடித்துவிட்டு அந்தச் சொல்லை மறுபடி தொடங்குங்கள். செய்தி முடிந்தது என்பதற்கு •–•–•. நீ சொல் என்று மறுபக்கத்தை அழைக்க –•–.

எஸ்ஓஎஸ் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். •••–––••• என்று ஒன்பது குறிகளும் இடைவெளி இல்லாமல் ஒரே எழுத்துப் போலப் போகும். அது எந்தச் சொற்றொடரின் சுருக்கமும் அல்ல. பிடிக்கச் சுலபம் என்பதற்காக 1906இல் பெர்லின் மாநாட்டில் ஏற்றுக்கொண்டு, 1908 முதல் நடைமுறைக்கு வந்த அபாயக் குறி. பிள்ளைகள் முதலில் பழக ஆசைப்படுவதும் இதைத்தான். பழகட்டும், ஆனால் வீட்டுக்குள்ளே. கடற்கரையில் இரவு நேரத்தில் கடலைப் பார்த்து விளையாட்டாக இதை அடிக்கக்கூடாது. ஆழ்கடலில் நிற்கிற ஒரு வள்ளம் அதை நம்பித் திரும்பினால் அந்த மனிதர்களின் எரிபொருளும் உழைப்பும் போய்விடும். அதைவிட, அடுத்த முறை உண்மையாக அடித்தாலும் நம்பமாட்டார்கள். 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26ஐயும் கண்ட ஊர்கள் இவை. கல்முனையிலும் மருதமுனையிலும் நாவலடியிலும் கடல் என்ன செய்தது என்பது நம் வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. இந்தக் குறியின் மதிப்பை நாம் கெடுக்கக்கூடாது.

வானொலியில் கேட்டல்

அட்டவணையில் பாதி வந்ததும் உண்மையான ஆட்கள் அனுப்புவதைக் கேளுங்கள். பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் இன்றும் தினமும் மோர்ஸில் பேசுகிறார்கள். இரவில் 7.000 மெகாஹேர்ட்ஸுக்குச் சற்று மேலே தேடினால் கிடைக்கும். வீட்டில் உள்ள சாதாரணச் சிற்றலை வானொலியில் அது வெறும் மூச்சுக் காற்றுப் போலத்தான் வரும். ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்எஸ்பி) வாங்கும் வசதி உள்ள பெட்டியில்தான் அது 'தி தாஅ' என்று பாடும். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் இணையம் வழியே கேட்கக்கூடிய வானொலிப் பெட்டிகள் இருக்கின்றன, கைப்பேசியே போதும்.

முதலில் உங்கள் காதில் விழப்போவது –•–•   ––•– என்ற சி கியூ, யாராவது இருக்கிறீர்களா என்ற பொது அழைப்பு. பிறகு –••   • என்று வந்தால், அழைப்பவர் தன் அழைப்புப் பெயரைச் சொல்லப்போகிறார். ••••–   •••   ––••• என்று கேட்டால் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கவனியுங்கள். 4, எஸ், 7: அழைப்பவர் இலங்கையர்.

கேட்பதோடு நிற்காமல் அனுப்ப வேண்டும் என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். உரிமம் கிடைத்த பிறகும் நம் வீட்டுத் தமிழ் அட்டவணையை வானொலியில் பயன்படுத்தாதீர்கள். பொருளை மறைக்கும் குறியீடுகளுக்கு அங்கே இடமில்லை, சர்வதேச அட்டவணையோடு போங்கள். முதல் தடவை மறுமுனையின் வேகத்தைக் காது பிடிக்காமல் திணறினால் வெட்கப்பட வேண்டாம். கியூ, ஆர், எஸ் என்று மூன்றே எழுத்தை அனுப்புங்கள். மெதுவாக அனுப்புங்கள் என்று அதற்குப் பொருள்.

––•–   •–•   •••